வலது ஓரத்தில் நான்கு விரல்

நான் வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறேன். நீங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை வருகிறீர்கள். நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அதனால் நேரில் உட்காரவைத்து நான் பெருமை அடித்துக்கொள்ள வழியில்லை, எழுதித்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

எந்த கேலரியில் யாருக்கு போன் செய்ய வேண்டும், எந்த மைக் கரகரக்கும், எந்த ஹெட்போனின் இடது காது செத்துவிட்டது என்பதெல்லாம் டிரைவில் தனிக் கோப்பாக இருக்கிறது. இது அந்தக் கோப்பு இல்லை. இருபத்தேழு வயதில் ஒருத்தி 'என் பணி அனுபவங்கள்' என்று ஆரம்பித்தால் சிரிப்பு வரும், தெரியும். சிரித்துவிட்டுப் படியுங்கள். நான்கு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் வாங்கிய பல்புகளில் பெரியது எது என்று தெரிந்துகொண்டால், நீங்கள் புதிதாக வேறு பல்பு வாங்கலாம். அதே பல்பை வாங்கினால் எனக்குக் கோபம் வரும்.

வேலை என்னவென்று உங்களுக்கு இன்டர்வியூவில் சொல்லியிருப்பார்கள். கண் தெரியாதவர்கள் ஓவியக் கண்காட்சிக்கு வந்தால் கையில் ஒரு ஹெட்போன் கொடுப்பார்கள். ஒரு படத்தின் முன் அவர்கள் நிற்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலுக்கான வார்த்தைகளை எழுதுவது நாம். தெலுங்கு, உருது, ஆங்கிலத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் நம்முடையது. செகந்திராபாத் பக்கம் அல்வாலில் டிபன் சென்டருக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஆபீஸில் காலை பத்து மணிவரை எதை எழுதினாலும் அதில் சாம்பார் வாசனை அடிக்கும். பழகிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் ரொம்ப சீன் போட்டேன். காலேஜில் கலை வரலாறு படித்தவள் அல்லவா. சைனிக்புரியில் வளர்ந்து, அம்மா தமிழில் திட்டினால் இந்தியில் பதில் சொன்ன ரகம் நான். பிறகு நானாகவே தமிழ் எழுதப் படித்து, அந்தத் தமிழிலேயே வேலை வாங்கியவள். திமிர் இருக்கத்தானே செய்யும்? முதல் வாரம் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: 'ஜன்னலருகே சோகமான ஒரு பெண் அழகாக அமர்ந்திருக்கிறாள்.'

நாம் எழுதுவதைக் கேட்டுச் சரிபார்க்க மார்த்தா அக்கா புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வருவார். போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவர். சொந்தமாகவும் வரைந்துகொண்டிருந்தார். கிளாக்கோமாவில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. நாற்பத்திரண்டு வயது. வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். குடும்பம் மூன்று தலைமுறையாக ரயில்வே காலனியில் இருப்பதால் அவர் தமிழில் பாதி இந்த ஊர்க்காரத் தமிழ்.

என் வரியை வாசித்துக் காட்டியதும் கேட்டார்.

"சோகம்னு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியுதுக்கா."

"எனக்குத் தெரியலயே. அழறாளா?"

"இல்ல."

"மூஞ்சி தெரியுதா?"

"முதுகு தான் தெரியுது."

"முதுகுல சோகம்னு எழுதி ஒட்டியிருக்காடி? போ, அது எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு வா. நானே சோகப்பட்டுக்கறேன், நீ எனக்காகப் பட வேணாம்."

ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்த கேலரிக்கு மறுபடி போய் நின்றேன். இருபது நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. ஜன்னல் கம்பிகள் எல்லாம் நிமிர்ந்த கோடுகள், அவள் கழுத்து மட்டும் வளைந்து கீழே இறங்குகிறது. அறை முழுக்கச் சாம்பல் நிறம், கீழ்மூலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு மட்டும் சிவப்பு. அவளைச் சுற்றி யாரும் உட்காரக்கூடிய அளவுக்குக் காலி இடம், ஆனால் யாரும் இல்லை. இவற்றை மட்டும் எழுதினேன். 'சோகம்' என்ற வார்த்தையே இல்லை. அக்கா கேட்டுவிட்டு "ம்" என்றார். அவர் அகராதியில் அது ஆஸ்கர்.

அன்றிலிருந்து ஆபீஸில் ஒரு வழக்கம் எங்களுக்குள் உறுதியானது. அசல் படத்தின் முன் இருபது நிமிடம் நிற்க வேண்டும். போன் கையில் கூடாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டைப் படிக்கக் கூடாது. முதலில் எது எங்கே இருக்கிறது, பிறகு கோடு, வெளிச்சம், நிறம், காலி இடம். கதை கடைசியில்தான்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் நான் எப்படிச் சொதப்பினேன் என்பதுதான் இப்போது.

போன வருடம் செகந்திராபாத்தில் ஒரு கேலரி, ரயில்வே காலனிகளில் வளர்ந்த ஓவியர்களை மட்டும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. அதில் மார்த்தா அக்காவின் படமும் ஒன்று. பார்வை போவதற்கு முன் அவர் கடைசியாக வரைந்தது. நான்கடி அகலக் கேன்வாஸ். அதை வாங்கியவர் விசாகப்பட்டினத்தில் இருந்தார், கண்காட்சிக்காக இரவல் கொடுத்திருந்தார்.

ஆபீஸை நடத்தும் எங்கள் மேடத்திடம் அக்கா ஒரு கண்டிஷன் போட்டார். "என் படத்துக்கு எழுதறத நான் முன்கூட்டி செக் பண்ண மாட்டேன். அதுல என்ன வரைஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எல்லாரும் ஹெட்போன் மாட்டிக் கேக்கற மாதிரி நானும் வந்து கேப்பேன். என் படத்த நான் ஒரு தடவை பாக்கணும்."

'பார்க்கணும்' என்றுதான் சொன்னார். அந்தப் பார்வை நான் எழுதும் நூற்றைம்பது வார்த்தையில் இருந்தது. பொறுப்பு எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே புரிகிறது. எனக்கும் புரிந்தது. புரிந்தும், படம் வரவேண்டிய லாரி தாமதமானதும், கேலரி அனுப்பிய கேட்டலாக் கோப்பைத் திறந்தேன். திரையில் படம் பளிச்சென்று இருந்தது. மற்ற படங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, இது ஒன்றுதான் பாக்கி. ஏசியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தில் எழுதி, அன்றைக்கே என் குரலிலேயே பதிவு செய்துவிட்டேன். செம வேகம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

நான் எழுதியதன் சாரம் இது: இடது ஓரத்துக்கு அப்பால் எங்கோ ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் கேட். ஷிப்ட் முடிந்து ஆண்கள் சைக்கிளில் இடமிருந்து வலமாகக் கிளம்புகிறார்கள். எதிரே மஞ்சள் புடவையில் ஒரு பெண், கையில் டிபன் கேரியரோடு கணவனைத் தேடி வருகிறாள். சுவரில் மாலை வெயில் பொன்னாக விழுகிறது. பிறகு என் அறிவுக்கொழுந்து எழுதிய வரி: 'சைக்கிள்களுக்குச் சங்கிலியே இல்லை, அவை கனவில் மிதப்பவை போல் செல்கின்றன.'

சனிக்கிழமை மாலை திறப்பு விழா. வெள்ளிக்கிழமை காலை ஹெட்போன்களைச் சோதிக்கப் போனபோது அக்காவும் வந்தார். படம் அப்போதுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது. கேலரியில் படம் மாட்டுகிற காஜா பாய் அதைச் சுவரில் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பியையும் பிளக்கையும் குடைந்துகொண்டிருந்தேன், சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன், பாராட்டை எதிர்பார்த்து.

பாதியில் கழற்றிவிட்டார்.

"சைக்கிளுக்கு செயின் இல்லயா?"

"ஆமாக்கா, அது செம டச்."

"பதினாலு வருஷம் பசங்களுக்கு சைக்கிள் வரையச் சொல்லிக் குடுத்தவடி நான். செயின் இல்லாத சைக்கிள வரைவேனா? சைக்கிளுக்கு செயின் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"சைக்கிள் வலது பக்கமா போனா செயின் நம்ம பக்கம் தெரியணும். இடது பக்கமா போனா அந்தாண்ட மறைஞ்சிருக்கும். என் ஆளுங்க எந்தப் பக்கம் போறாங்க?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஆண்கள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கேட் வலது பக்கம்தான் இருக்க முடியும். நான் எழுதியது மொத்தமும் கண்ணாடியில் தெரிகிற பிம்பம்.

நடந்தது இவ்வளவுதான். கேட்டலாக்கில் அந்தப் படம் இடது பக்கத் தாளில் வருகிறது. ஆட்கள் இடப்புறம் போனால் புத்தகத்தை விட்டே வெளியே போவது மாதிரி இருக்கும் என்று, லே-அவுட் செய்தவர் படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார். பக்கத்தில் அடங்கவில்லை என்று ஓரத்தையும் கொஞ்சம் வெட்டியிருந்தார். அந்தத் தொழிலில் அது ரொம்ப சகஜமாம். போன் செய்து கத்தினேன். "யாருங்க கவனிக்கப் போறாங்க?" என்றார். கண் தெரியாத ஒருத்தர் கவனித்துவிட்டார் என்றேன். அச்சுக்குப் போகாததால் தப்பித்தோம். அந்தப் பக்கம் மட்டும் அன்றைக்கே மாறியது.

என் பதிவு? "அழிச்சிடு," என்றார் அக்கா. "இப்ப தான் படம் வந்திருக்கு இல்ல? போய் நில்லு. நான் எங்கயும் போகல."

போனை காஜா பாயிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன்.

முதல் அதிர்ச்சி, படம் வேறு படமாக இருந்தது. நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். கண் படத்துக்குள் இடது பக்கமாகத்தான் நுழையும். திருப்பிப் போட்ட படத்தில் நான் ஆண்களோடு சேர்ந்து வீட்டுக்குக் கிளம்பினேன், அந்தப் பெண் எதிரில் குறுக்கே வந்தாள். அசலில் நான் நுழைந்தது அவளோடு. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஐம்பது சைக்கிள் என் முகத்தை நோக்கி வந்தன. அதே கோடு, அதே நிறம். பக்கம் மாறியதும் படம் யாருடையது என்பதே மாறிவிட்டது.

இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காஜா பாய் ஏணியிலிருந்து குனிந்தார். போலாரத்தில் தமிழ்க்காரர்களுக்கு நடுவே வளர்ந்தவர், பேப்பர் படிப்பது உருதுவில்.

"எனக்கு அப்படி இல்ல மேடம். எனக்கு முதல்ல சைக்கிள்வாலாங்க தான் கண்ணுல வந்தாங்க. நான் அவங்க கூடவே வர்றேன். ஹவ், ஆமா, இந்தம்மா தான் குறுக்க வந்து நிக்கறா."

உருது வலமிருந்து இடமாகப் படிப்பது, அவர் கண் வலப்புறமாக நுழைகிறது! அவருக்கு இது வேறு படம். எங்கள் உருதுப் பிரிவுக்காரி இதை எப்படி எழுதினாள் என்று அன்று மாலை கேட்டேன். சைக்கிள்களில்தான் ஆரம்பித்திருந்தாள். இரண்டும் சரி. படத்தை நேரில் பார்த்திருந்தால் இரண்டும் சரி.

மேலே பார்த்தேன். ஆண்கள் எல்லாரும் ஒரே நீலச்சாம்பலில் ஒரே கூட்டமாகக் கலந்திருந்தார்கள். ஹேண்டில்பார்கள் வரிசையாகச் சாய்ந்த கோடுகள், சுவர் நீளமான படுக்கைக் கோடு. நிமிர்ந்து நிற்கும் ஒரே கோடு அவள். அவளைச் சுற்றிக் கூட்டம் பிளந்து வழிவிடுகிறது, ஆனால் ஒருத்தர் முகமும் அவள் பக்கம் திரும்பவில்லை. பிறகு கீழே பார்த்தேன். மஞ்சள் புடவையின் ஓரத்துக்குக் கீழே கறுப்பு பூட்ஸ். ஆண்கள் பெடலில் வைத்திருந்த அதே பூட்ஸ். திரையில் அது வெறும் நிழலாகத் தெரிந்திருந்தது.

கணவனைத் தேடி எல்லாம் வரவில்லை. அவள் வேலைக்குப் போகிறாள். டிபன் கேரியர் அவளுடையது. ஒரு பெண் கையில் டிபன் கேரியரைப் பார்த்ததும் நான் அவளுக்கு ஒரு புருஷனை ஏற்பாடு செய்துவிட்டேன். காலேஜ் படித்த லட்சணம்.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது. ஆனால் ஒன்று உறுத்தியது. சுவரில் 'பொன்னாக விழும் வெயில்' என்று எழுதினேனே, அந்த மஞ்சள் திட்டு. சைக்கிள்களின் நிழல்கள் எல்லாம் நம்மைப் பார்த்து நீண்டு கிடந்தன. அப்படியென்றால் வெயில் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. சுவரின் இந்தப் பக்கத்தில் வெயில் விழ வாய்ப்பே இல்லை. அப்புறம் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? கிட்டே போனேன். அதன் ஓரமாக நேராக ஒரு பச்சைக் கோடு. வெயிலுக்குப் பச்சை விளிம்பு இருக்குமா?

அங்கிருந்து ஒரு சாண் வலப்புறம் கண்ணைக் கொண்டுபோனேன். செங்கல் நிறம் மெலிந்து, தூரிகை காய்ந்தது போலக் கோணலாக நின்றுவிட்டது. அதற்கப்புறம் சட்டம் வரை வெறும் கேன்வாஸ். அதில் பென்சிலில் ஒரு பெரிய கேட், அதற்குள் ஆள் நுழைகிற சின்னக் கதவு. வண்ணம் ஒரு துளி இல்லை. லே-அவுட்காரர் வெட்டியது இந்த ஓரத்தைத்தான்.

கிளாக்கோமாவில் ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனதே ஆளுக்குத் தெரியாது என்று அக்காவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

காஜா பாயைப் பார்த்தேன். அவரும் அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காக்குத் தெரியாது, இல்ல?" என்றார் மெதுவாக.

சோதனையைப் பார்க்க வந்திருந்த மேடத்தை வெளியே கூப்பிட்டுச் சொன்னேன். உங்கள் மேடம் கோயம்புத்தூர்க்காரர், நல்லவர், யாரையும் நோகடிக்க மாட்டார். அதுதான் அன்றைக்குப் பிரச்சினை.

"அதுக்கென்ன கண்ணு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வாங்கினவருக்கும் தெரியும், கேலரிக்காரருக்கும் தெரியும். இத்தன வருசமா யாரும் அந்தம்மாகிட்ட சொல்லல. நாளைக்கு திறப்பு விழா. நீ மட்டும் எதுக்குச் சொல்லோணும்?"

"நான் எழுதணுமே மேடம்."

"மத்ததெல்லாம் எழுது. அத விட்டுடு. பொய் ஒண்ணும் சொல்லலயே நாம. சொல்லாம விடறோம், அவ்வளவுதான்."

நியாயமாகத்தான் பட்டது. சத்தியமாக, ஐந்து நிமிடம் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் உங்களுக்கும் இந்த ஐந்து நிமிடம் வரும். கண் தெரிகிறவர்களிடம் நாம் ஒன்றை விட்டுவிட்டால் அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள். ஹெட்போன் மாட்டியவருக்கு நாம் விட்டது இல்லவே இல்லை. நான் ஓரத்தை விட்டால் அந்தப் பெண் ஒரு கேட்டை நோக்கிப் போகிறாள் என்று ஆகிவிடும். அங்கே இருப்பது கேட் இல்லை, பென்சில் கோடு. அவ்வளவு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அவள் எதை நோக்கி நடக்கிறாளோ, அதையே நான் மறைத்தால், மிச்ச நூற்றைம்பது வார்த்தை எதற்கு? காலையில்தான் படத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் வெட்டியும் கொடுப்பதா?

"நான் சொல்லிடறேன் மேடம்," என்றேன். மேடம் என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டார்.

படத்தின் முன் நின்றே நோட்டில் எழுதி முடித்து, அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, ஒரு மணி நேரமா நிக்கற? கால் இருக்கா, வேர் விட்டுடுச்சா?"

"அக்கா, அவங்க வேலைக்குப் போறாங்க. பூட்ஸ் போட்டிருக்காங்க."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "பாத்துட்டியா!" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எங்கம்மாடி. அப்பா போன அப்புறம் அந்த வேலை அம்மாக்குக் குடுத்தாங்க. ரெண்டாவது ஷிப்ட். அத்தன ஆம்பளைங்களும் வெளிய வர்ற நேரம், இவங்க ஒருத்தி உள்ள போவாங்க. மேல சொல்லு."

"வலது ஓரத்துல பெயிண்ட் இல்லக்கா."

"உதிர்ந்து போச்சா? லாரில அடிபட்டுச்சா?"

"இல்ல. வைக்கவே இல்ல. வெறும் கேன்வாஸ். பென்சில் கோடு மட்டும் இருக்கு."

சிரிப்பு போகவில்லை, ஆனால் அப்படியே உறைந்தது. "நக்கோ டி, வேணாம். விளையாடாத. அங்க சின்னக் கதவு இருக்கு. பச்சைக் கதவு. பாதி திறந்து, உள்ளருந்து லைட்டு வரும். அந்த மஞ்சள் கலக்கறதுக்கே எனக்கு மூணு நாள் ஆச்சு."

"கதவு பென்சில்ல இருக்குக்கா."

"நீ போட்டோ பாத்து சொல்ற."

"படத்துக்கு முன்னாடி நின்னுட்டுத்தான் வர்றேன்."

"காலையில சைக்கிளுக்கு செயின் இல்லன்னு சொன்னவ தான நீ?"

அடி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. காலையில் நான் பார்க்காமல் சொன்னேன், அதனால் மத்தியானம் பார்த்துவிட்டுச் சொல்வதற்கு மதிப்பில்லை. இதுதான் அந்த முக்கால் மணி நேர வேகத்துக்கு நான் கொடுத்த விலை. மன்னிப்புக் கேட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றியது. எழவில்லை. நான் பார்த்திருந்தேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

"அந்த மஞ்சள் இருக்குக்கா," என்றேன். "உள்ளங்கை அளவு. நடுவுல வெளிறி, ஓரத்துல ஆரஞ்சா மாறுது. அதுக்கு இடது பக்கம் நேரா ஒரு பச்சைக் கோடு. நான் அத வெயில்னு நினைச்சேன். ஆனா நிழல் எல்லாம் நம்ம பக்கம் விழுது, சுவர்ல வெயில் படாது. அது வெயில் இல்ல. உங்க லைட்டு. நீங்க வெச்சிட்டீங்க. ஆனா கதவுல இல்ல. சுவர்ல, ஒரு சாண் இந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க."

அக்கா டம்ளரை பெஞ்சில் வைத்தார், விளிம்புக்கு மிகப் பக்கத்தில். நான் நகர்த்தி வைத்தேன்.

"கூட்டிட்டுப் போ," என்றார்.

படத்தைத் தொடக் கூடாது என்பது கேலரியின் முதல் விதி. அமைச்சரே கை நீட்டினாலும் "நக்கோ நக்கோ" என்று ஓடிவருகிற ஆள் காஜா பாய். அக்கா கை நீட்டியபோது அவர் மட்டம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டார். அங்கே படமே இல்லை.

அக்கா வலது சட்டத்தைப் பிடித்து, அங்கிருந்து உள்ளே விரல்களைப் படுக்க வைத்தார். வெறும் நெசவு. ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம் பெயிண்டின் மேடு தட்டியது. இன்னும் இடப்பக்கம் தடவிக்கொண்டே போய், ஒரு சாணில் நின்றார். அந்த மஞ்சள் தடிமனாக வைத்தது. விரலுக்குத் தெரியும்.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே போயிருக்கு," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நல்லா தெரியுதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்." பிறகு, "எல்லாரும் பாத்துட்டு சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் வாய் இல்லயா?"

நான் நோட்டைத் திறந்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"மேடம் விட்டுடச் சொன்னாங்களா?"

"ஆமா."

"படி."

படத்தின் முன் நின்று வாசித்தேன். பெண், பூட்ஸ், பிளக்கும் கூட்டம், நிழல்கள், சுவர். கடைசியில்: 'சுவரில் ஓர் உள்ளங்கை மஞ்சள், பச்சை விளிம்போடு. அதற்கு ஒரு சாண் வலப்புறம், துரதிர்ஷ்டவசமாக, நான்கு விரல் அகலத்துக்கு வண்ணம் இல்லை. பென்சிலில் ஒரு சின்னக் கதவு மட்டும் இருக்கிறது. அந்தப் பெண் அதை நோக்கி நடக்கிறாள்.'

"ஒரு வார்த்தை எடுக்கணும்," என்றார்.

"எதுக்கா?"

"துரதிர்ஷ்டவசமாக. அது படத்துல இல்ல."

எடுத்தேன். அன்று மாலையே பதிவு செய்தோம். என் குரல் ஒரு இடத்தில் கரகரக்கும். அது மைக் இல்லை. மாற்றவேண்டாம் என்று மேடம்தான் சொன்னார்.

சனிக்கிழமை அக்கா கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று ஹெட்போன் வாங்கி, முழுக்கக் கேட்டார். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டார். பக்கத்தில் கண் தெரிகிற ஒருத்தர், சும்மா ஆர்வத்தில் ஹெட்போன் மாட்டியவர், கடைசி வரிக்கு வந்ததும் படத்தின் வலது ஓரத்துக்குக் குனிந்து போனார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து, இவர்தான் ஓவியர் என்று தெரிந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இத நீங்க வேணும்னே முடிக்காம விட்டீங்களா மேடம்?"

"நான் முடிச்சிட்டேன்னு தான் நினைச்சேன் சார்," என்றார் மார்த்தா அக்கா. நான் நின்ற திசையை எப்படியோ கணித்து, தாடையால் என்னைக் காட்டினார். "இல்லன்னு இவ தான் பாத்துச் சொன்னா."

திங்கட்கிழமை உங்களுக்கு முதல் படம் மெயிலில் வரும். பளிச்சென்று இருக்கும். அதை மூடிவிட்டு, ஆட்டோ பிடித்து, அசலின் முன்னால் போய் நில்லுங்கள். புதன்கிழமை அக்கா வருவார்.